இடியப்ப உரலின் அளவு

அப்பாவின் கருவிப் பெட்டியில் கால்கள் உள்ளவை என்று நான்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் இரண்டு கால்கள்தான். ஒன்றில் கால்கள் வெளிப்பக்கமாக வில்போல் வளைந்து, நுனியில் மறுபடி ஒன்றையொன்று நோக்கி வரும். அது வெளிக்கலிப்பர். ஓர் உருளையின் வெளித்தடிப்பை அளப்பதற்கானது. இன்னொன்றில் கால்கள் நேராக இறங்கி, பாதங்கள் மட்டும் வெளியே திரும்பி நிற்கும். அது உட்கலிப்பர். குழாயின் உள்ளே விட்டு அகலம் பார்ப்பதற்கு. மூன்றாவது டிவைடர், இரண்டு கால்களும் ஊசிமுனை. இரும்பின்மேல் வட்டம் கீறவும், ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப அடையாளமிடவும் அது தேவைப்பட்டது. நான்காவதில் ஒரு கால் ஊசி, மற்றது நுனி மடிந்தது. அதைப் பட்டறையில் ஜெனி என்று சொல்வார்களாம், அப்பாவும் அப்படியே சொன்னார். மடிந்த காலைத் தகட்டின் விளிம்பில் கொளுவி இழுத்துக்கொண்டு போனால், ஊசிக்கால் விளிம்புக்குச் சமாந்தரமாகக் கோடு ஒன்றைக் கீறிக்கொண்டு கூடவே வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பரதநாட்டியம் பழகிக்கொண்டிருந்தேன். பாதத்தை வெளியே திருப்பு, இன்னும் திருப்பு என்று ரீச்சர் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் உட்கலிப்பரைப் பார்க்கும்போதெல்லாம் ரீச்சருக்குப் பிடித்த மாணவி அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். பெரியப்பாவின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, வெளிக்கலிப்பருக்குக் கௌபோய் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆனால் அப்பா எங்களுக்குக் காட்டித் தந்த பெரிய வித்தியாசம் கால்களில் இல்லை, தலையில் இருந்தது. வெளிக்கலிப்பரின் தலையிலும் டிவைடரின் தலையிலும் ஒரு சுருள்வில் இருந்தது. கால்களுக்கு நடுவே ஒரு திருகாணி போகும். திருகாணியின் மேலிருக்கும் சின்ன நட்டைச் சுழற்றினால்தான் கால்கள் அசையும். ஒருமுறை அளவு வைத்துவிட்டால் பைக்குள் போட்டுக் குலுக்கினாலும் அந்த அளவு மாறாது. உட்கலிப்பருக்கும் ஜெனிக்கும் அந்த வசதி இல்லை. இரண்டு கால்களையும் ஓர் ஆணியால் இறுக்கமாக அறைந்து விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கால்கள் தங்கள் இறுக்கத்தில் நின்றன. இன்னும் மயிரிழை விரிக்க வேண்டுமானால் தலையை மேசையில் மெதுவாகத் தட்ட வேண்டும். குறைக்க வேண்டுமானால் ஒரு காலின் பக்கவாட்டில் தட்ட வேண்டும். நான்கும் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியவை, அதனால்தான் இந்தக் கலப்பு.

நான்கிலும் ஓர் எண்கூட எழுதியிருக்கவில்லை. அளக்கும் சாமானில் எண் இல்லாதிருப்பது எனக்கு ஏமாற்று வேலை போலப் பட்டது. எவ்வளவு என்று அவை சொல்லமாட்டா. இவ்வளவு என்று காட்டுவதோடு சரி. ஓரிடத்திலிருந்த அகலத்தை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும், கேட்டால் வாய் திறக்காது.

எண் உள்ளது வேறாக இருந்தது. அதற்கு வேணியர் என்று பெயர். பச்சைத் துணி விரித்த ஒடுங்கிய மரப்பெட்டிக்குள், அலுமாரியின் மேல்தட்டில், அப்பாவின் சேட்டுகளுக்குக் கீழே கிடந்தது. அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். பெரியம்மாவின் கூறைச்சேலையைப் போல அதுவும் நாள் பெருநாளுக்கு மட்டும் வெளியே வருவது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மேய்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். இப்போது அங்கேயிருக்கும் கோயில் அப்போது இன்னும் எழும்பவில்லை. பெரியப்பாதான் முதலில் சிட்னிக்கு வந்தவர். அவர் ஸ்பொன்சர் செய்து எங்களைக் கூப்பிட்டார். விமான நிலையத்திலிருந்து நேரே இந்த வீட்டுக்குத்தான் வந்தோம், அதன்பிறகு வேறு வீடு பார்க்கும் பேச்சு எழவில்லை. அக்காவும் நானும் ஓர் அறை. குசினி ஒன்று. ஒரு குசினியில் இரண்டு பெண்கள் என்பதால் வரக்கூடிய கஷ்டங்கள் எல்லாம் வந்திருந்தன. அம்மாவும் பெரியம்மாவும் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாகக் கதைத்துக்கொண்டார்கள். உப்பு எடுக்கலாமோ என்று கேட்டு எடுத்தார்கள். ஏதோ சரியில்லை என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது.

அந்தத் தை மாதத்தில் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு புது வீடு வாங்கியிருப்பதாகப் பெரியப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார். திறப்பு கையில் கிடைத்ததும் நல்ல நாள் பார்த்துப் போகப்போகிறார்களாம். அவர் எதையும் முடிவெடுத்த பிறகுதான் சொல்வார்.

"உங்களுக்கும் இனி இடம் தாராளமா இருக்கும்தானே, தம்பி," என்றார்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அண்ணை," என்றார்.

அப்பா பொதுவாகவே வேறு ஒன்றும் சொல்வதில்லை.

அதே கிழமைதான் இடியப்ப உரலும் வெடித்தது. பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கையோடு கொண்டுவந்த பித்தளை உரல் அது. அடியில் சின்னத் துளைகள் போட்ட குழல் ஒன்று, அதற்குள் இறங்கி மாவை அமத்தும் மரக்கட்டை ஒன்று. சிட்னியின் காய்ந்த வெக்கையில் கட்டை நெடுக்காகப் பிளந்துவிட்டது. பெரியப்பா அதைப் பசை போட்டு ஒட்டினார். ஒட்டியது வீங்கித் தெரிந்ததால் உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்தது கூடிப்போனதால் மறுபக்கமும் தேய்த்தார். அதன்பிறகு அந்தக் கட்டை எந்த உரலுக்கும் உரியதாக இருக்கவில்லை.

பெரியம்மாவிடம் இரண்டு ஒழுங்குகள் இருந்தன. உடைந்த சாமானைப் புதுவீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது முதலாவது. உரலை விட்டுவிட்டும் அவர் போகமாட்டார். ஆகவே உரல் சரியாகும்வரை பால் காய்ச்சும் நாளைக் குறிக்க முடியாது. பெரியப்பா வேறு உரல் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியம்மா அரிசி களைந்தார்.

இரண்டாவது ஒழுங்கு, உரல் அப்பாவின் பட்டறைக்குப் போகக் கூடாது என்பது. அது வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டுக்கென்று புறம்பாக வைத்திருந்த உரல். இந்த ஒழுங்குக்கு அப்பாவே காரணம். வில்லாவுட்டில் ஒரு பட்டறையில் அவர் லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தார். வில்லாவுட் என்றால் இப்போது எங்கள் ஆட்களுக்குத் தடுப்பு முகாம்தான் ஞாபகம் வரும். அன்று எனக்கு அது அப்பா வேலை செய்கிற இடம். அங்கே ஒரு வெள்ளைக்காரர் காலையில் வந்தவுடன் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றை லேத்தின் மோட்டர் மூடிக்குமேல் வைத்துவிடுவாராம். மத்தியானம் வரும்போது நல்ல சூடாக இருக்குமாம். இதை அப்பா ஒருநாள் பகிடியாகச் சொல்லியிருந்தார். அவர் மறந்துவிட்டார். பெரியம்மா மறக்கவில்லை.

"உரல் அங்க வராது," என்றார் பெரியம்மா. "என்ன செய்யிறதெண்டாலும் இஞ்ச வச்சு அளந்து கொண்டுபோம்."

அப்படித்தான் உரல் போக முடியாத இடத்துக்கு அதன் அளவு மட்டும் போவதென்று முடிவானது.

அப்பா உட்கலிப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். உரலின் குழலை மேசையில் நிறுத்தி, கலிப்பரின் கால்களை உள்ளே இறக்கினார். தலையை மேசை விளிம்பில் தட்டினார். மறுபடி இறக்கினார். ஒரு பாதத்தைப் பித்தளையில் ஊன்றி, மற்றதை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பாதம் சுவரைத் தொட வேண்டும், ஆனால் முட்டக் கூடாதாம். உரசிக்கொண்டு போவது விரலுக்குத் தெரிய வேண்டுமாம். எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு தரம் பிடித்துப் பார்க்கத் தந்தார். அக்கா, "ஐ கான்ட் ஃபீல் எனிதிங்," என்றாள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரிகிறது என்று சொன்னேன்.

பிறகு கலிப்பரை வெளியே எடுத்து, மடித்த பேப்பர் ஒன்றின்மேல் மேசையில் வைத்தார். விடிய வேலைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒருவரும் தொட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னார். அம்மா அப்போது வீட்டில் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் பின்னேர வேலைக்குப் போயிருந்தார்.

காலையில் கலிப்பர் அதே பேப்பரின்மேல், அதே இடத்தில், கால்கள் சேர்ந்தபடி கிடந்தது.

அம்மா எதையும் மறைக்கவில்லை. வேலையால் வந்து பார்த்தபோது மேசையில் கத்தரிக்கோல் மாதிரி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததாம். கத்தரிக்கோல் திறந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒரு கத்தரிக்கோலும் திறந்து கிடந்ததில்லை. அம்மா அதை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

"சண்டை வரும் எண்டுதான் பூட்டினனான்," என்றார் அம்மா.

பெரியம்மா அம்மாவைப் பார்க்காமல், கேத்திலைப் பார்த்துச் சொன்னார்: "பூட்டினாலும் வருதுதானே."

அன்றைக்கு உப்பு எடுக்கலாமோ என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. உரல் சரியாவது அம்மாவுக்கு விருப்பமில்லை என்று பெரியம்மா நினைப்பது எனக்கே விளங்கியது. தங்கள் குடும்பம் உடைந்த சாமானோடு புதுவீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவதாக அவர் எண்ணியிருக்கலாம். பெரியம்மா தொலைபேசியில் யாருக்கோ, சிலபேருக்கு மற்ற ஆக்கள் நல்லாயிருக்கிறது பொறுக்காது என்று சொன்னதை அக்கா கேட்டு வந்து எனக்குச் சொன்னாள். அம்மா குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

இரண்டாம் முறை அப்பா அளவெடுத்தபோது பெரியப்பாவும் பக்கத்தில் நின்றார். கால்களை நூலால் கட்டிவிடச் சொன்னார். கட்டினால் நூல் காலை இழுத்துவிடும் அண்ணை என்று அப்பா சொன்னார். கலிப்பரைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், பின்பக்கச் சுவரோடு வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். விடிய அதைத் தானே எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் வந்தபோது கையில் புதுக் கட்டை இருந்தது. மிஞ்சிக் கிடந்த நைலோன் துண்டில் கடைந்தது. வெள்ளைவெளேரென்று, மினுங்கிக்கொண்டு, பழைய கைபிடியில் பூட்டுவதற்குத் துளையும் போட்டிருந்தது. அவ்வளவு அழகான கட்டையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அது வெள்ளிக்கிழமை. பெரியம்மா அரிசிமா குழைத்து உரலில் போட்டு, கட்டையை வைத்து அமத்தினார். மாவு கீழே வரவில்லை. கட்டைக்கும் குழலுக்கும் நடுவே இருந்த இடைவெளியால் மேலே ஏறி, சுற்றிவர வெள்ளையாகப் பிதுங்கி, அவருடைய விரல்களில் வழிந்தது. அக்காவும் நானும் சிரித்துவிட்டோம். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா கட்டையை வாங்கிக் குழலுக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தார். அது கிண்கிணி போலச் சத்தம் போட்டது.

"கால் அசைஞ்சிருக்கு," என்றார். "ஆரின்டையோ கை பட்டிருக்கு."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடநேரம் பார்த்தார். பிறகு, "ஓம்," என்றார், "துடைக்கேக்க என்ர கைதான் பட்டிருக்கும்."

குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதி அம்மாவுக்கு எட்டாது. அதைத் துடைப்பதானால் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு ஏற வேண்டும். அந்தக் கதிரையில் முதல் நாள் பின்னேரம் முழுக்க நான்தான் இருந்து வீட்டுப்பாடம் செய்தேன். அம்மா வேலைக்குப் போய் வரும்வரை அதைவிட்டு எழும்பவில்லை, வந்தபிறகு அம்மா நேரே படுக்கைக்குத்தான் போனார். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா விரல்களைக் கழுவினார். "எனக்கு விளங்கீற்று," என்றார். என்ன விளங்கியது என்று சொல்லவில்லை. அம்மாவைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு எல்லோரும் பாண் துண்டுகளில் பட்டர் பூசிச் சாப்பிட்டோம்.

புதுவீட்டின் திறப்பு வந்துவிட்டது. அது ஹோலில் ஓர் ஆணியில் தொங்கியது. பெரியப்பா தன்பாட்டில் பார்த்து வைத்திருந்த நல்ல நாள் ஒன்று வந்து போனது. அவர் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து அடுத்த நாளைத் தேடினார். ஒரு கட்டைக்காக ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவன் இந்த நாட்டிலேயே தான் ஒருவன்தான் என்றார். வங்கிக்காரனிடம் இதைச் சொன்னால் அவன் நம்புவானா என்று அப்பாவைக் கேட்டார். நம்பமாட்டான் என்று அப்பா சொன்னார்.

அந்த நாட்களில் அப்பாவும் பெரியப்பாவும் வேலையால் வந்து, பின்வளவில் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அது எப்போதும் நடப்பதுதான். பெரியப்பா கதைப்பார், அப்பா கேட்பார். வேலையிடத்து மேலதிகாரி, வீட்டுக்கடன், ஊரிலிருந்து வந்த செய்தி, இந்த நாட்டு மாம்பழத்தின் புளிப்பு. நடுநடுவே ஓம் அண்ணை என்ற குரல் கேட்கும். நானும் அக்காவும் யன்னலுக்குள்ளால் அதைக் கேட்டு, ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று தலையாட்டி விளையாடுவோம்.

மூன்றாம் முறையும் அளவு போய்ச் சேரவில்லை. சந்தியில் அப்பா திடீரென்று பிரேக் அடித்தபோது, சீற்றிலிருந்த பை கீழே விழுந்து கலிப்பரின் கால் மாறிவிட்டதாம். வந்து அதைச் சொன்னார். இம்முறை வீட்டுக்குள் ஒருவருடைய கையும் படவில்லை என்பதால் அம்மாவை ஒருவரும் பார்க்கவில்லை. பெரியம்மா அப்பாவைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை பெரியம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். உரலைப் புதுத் துவாய் ஒன்றில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் காரின் முன்சீற்றில் ஏறி இருந்தார். அப்பா வீட்டு வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"நானும் வாறன்," என்றார் பெரியம்மா.

"உரல் அங்க வரக்கூடாது எண்டியள், அண்ணி."

"உரல் காருக்குள்ளதான் இருக்கும். இறங்காது. நானும் இறங்கன்."

அப்பா கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அக்காவும் நானும் பின்சீற்றில் ஏறினோம். நடன வகுப்பு அன்றைக்கு இல்லை.

வில்லாவுட்டில் பட்டறை பூட்டியிருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே ஓர் ஆள்தான் மேலதிக வேலைக்கு வருவார். அவர் உள்ளேயிருந்து தகரக் கதவை உயர்த்திவிட்டு, காருக்குள் சேலையோடு ஒருவர் உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தார். காலை வணக்கம் சொன்னார். பெரியம்மாவும் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். மோட்டர் மூடியில் மீட் பை வைப்பவர் அவர்தானா என்று பெரியம்மா அப்பாவைத் தமிழில் கேட்டார். இல்லை, அது வேறு ஆள் என்று அப்பா சொன்னார். பெரியம்மாவுக்கு ஏமாற்றமாக இருந்தது போல எனக்குப் பட்டது.

அப்பா உட்கலிப்பரோடு வந்து முன்கதவைத் திறந்தார். முழந்தாளிட்டு, பெரியம்மாவின் மடியிலிருந்த உரலுக்குள் கால்களை இறக்கினார். தட்டுவதற்கு மேசை இல்லாததால் கலிப்பரின் தலையைக் கதவின் சட்டத்தில் தட்டினார். அளவு வந்ததும் அதை உள்ளங்கையில், குருவிக்குஞ்சைத் தூக்குவது போல வைத்துக்கொண்டு உள்ளே நடந்து போனார். லேத் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. பெரியம்மா துவாயின் ஓரத்தை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

அப்பா வெள்ளைக் கட்டையோடு வந்தார். உரலில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திரும்பிப் போனார். சத்தம் கேட்டது. மறுபடி வந்தார். கட்டையைக் குழலின் வாயில் வைத்துக் கையை எடுத்தார்.

கட்டை விழவில்லை, நிற்கவுமில்லை. தன் பாரத்தில் மெல்ல மெல்ல இறங்கியது. உள்ளே இருந்த காற்று அடித்துளைகளால் மூச்சுவிடுவது போலச் சின்னச் சத்தத்தோடு வெளியே போனது. அக்கா என் கையைப் பிடித்தாள். அடியில் போய்ச் சேரும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா கட்டையை வெளியே இழுத்து, திரும்ப விட்டார். அது மறுபடியும் அதே மாதிரி இறங்கியது. அப்பா கைகளைப் பழந்துணி ஒன்றில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி," என்றார் பெரியம்மா. "நீர் பிழையா அளக்கிற ஆள் இல்லை."

அப்பா துணியைப் பார்த்தார்.

"குவேக்கர்ஸ் ஹில் என்ன, கடலுக்கு அங்காலயோ? காரும் இருக்கு, கோச்சியும் ஓடுது. உங்கட அண்ணைக்கும் நீர் இல்லாமச் சரிவராது. அந்தாள் வாய் திறந்து சொல்லாது. நீரும் சொல்லமாட்டீர்."

"ஓம் அண்ணி."

"உம்மட மனிசி பாவம். இனி அவவை ஏச்சு வாங்க விடாதையும். நானும் வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன்."

அப்பா முன்கதவை மெல்லச் சாத்தினார். கதவு சரியாகப் பூட்டாததால் திறந்து இன்னொருமுறை சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் நான் பின்சீற்றில் நிமிர்ந்து இருந்தேன். எதற்கும் இலேசில் நல்ல சொல் சொல்லாத பெரியம்மா, என் அப்பா பிழையாக அளக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்டாயா என்று அக்காவை இடித்தேன். மற்றவை பெரியவர்கள் கதைக்கும் கதை. அம்மா பாவம் என்று ஏன் சொன்னார் என்பதை நான் யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் பெரியம்மா குசினியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்ச வாரும், ஒருக்காப் பிழிஞ்சு பாரும்," என்றார். அம்மா பிழிந்தார். இடியப்பம் நூல் நூலாக, அறாமல் வந்தது. அம்மாவின் கண் கலங்கியதை நான் கண்டேன். அடுப்பில் ஆவி அடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நல்ல நாளில் அவர்கள் போனார்கள். புதுவீட்டில் பால் பொங்கியபோது உரல் வெள்ளைக் கட்டையோடு சாமிப்படங்களுக்குக் கிட்ட இருந்தது. நாங்கள் திரும்பி வந்ததும் அப்பா பின்வளவுக்குப் போய் ஒரு கதிரையை விரித்து இருந்தார். மற்றக் கதிரை மடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தது. எனக்கு அறை முழுவதும் கிடைத்திருந்தது. அன்றைக்கு நான் கட்டில்களின் இடத்தை மாற்றுவதில் மும்முரமாக இருந்தேன், நல்ல சந்தோஷமாகவும் இருந்தேன்.

ஐந்தாறு வருடங்களுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்துப் பௌதிக வகுப்பில் முதன்முறையாக ஒரு வேணியரைக் கையில் எடுத்தேன். கீழே இரண்டு பெரிய தாடைகள், வெளித்தடிப்புக்கு. மேலே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி இரண்டு சின்னத் தாடைகள். அவை எதற்கு என்று ரீச்சர் காட்டினார். ஒரு பித்தளைக் குழாயின் உள்ளே சின்னத் தாடைகளை விட்டு, விரித்து, திருகை இறுக்கினார். உள்ளகலம் எண்ணாக வந்துவிட்டது. என்னையும் செய்யச் சொன்னார். நானும் செய்தேன். எண்ணைக் காகிதத்தில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடாமல் கொஞ்சநேரம் இருந்தேன். காகிதத்தில் எழுதிய எண்ணை ஒருவராலும் மூடிவிட முடியாது. பிரேக் அடித்தாலும் அது அசையாது. அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வில்லாவுட்டுக்குப் போகலாம்.

முதல் தடவை அப்பா ஏன் உட்கலிப்பரை எடுத்தார் என்பதற்குக் காரணம் சொல்லலாம். லேத்தில் பழகியவர்கள் உட்துளைக்குக் கையின் உணர்வைத்தான் நம்புவார்கள். அம்மா அதை மூடியதும் உண்மையாகவே கத்தரிக்கோல் பயத்தில்தான். ஆனால் இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் அந்தக் காரணங்கள் பொருந்தவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வேணியர் கிடக்க, தட்டினால் மாறிவிடும் கலிப்பரையே அவர் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"உனக்கு இப்பத்தானோ விளங்கினது?" என்றார். "வேணியரை அலுமாரிக்குள்ள வச்சுக்கொண்டு, உந்தக் கவட்டுக்காலைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச மனிசன்." வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளிவிட்டு, "பெரியப்பாட்டச் சொல்லிப்போடாதை. அவருக்குத் தெரியாது," என்றார்.

பெரியப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குவேக்கர்ஸ் ஹில்லில் எல்லோரும் கூடும்போது, இடியப்பம் மேசைக்கு வந்தால், அவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். என்னுடைய மகளுக்கும் அக்காவின் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம்.

"என்ர தம்பி கெட்டிக்கார வேலைக்காரன்," என்பார். "ஆனா ஆள் சரியான ஆமை. ஒரு கட்டை கடையிறதுக்கு ஒரு மாசம் எடுத்தவன். இல்லாட்டி நாங்கள் எப்பவோ இஞ்ச வந்திருப்பம்."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அண்ணை," என்பார்.

ஒன்பது வயதில் அந்த இரண்டு சொற்களையும் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.